பிரிட்ஜ் முன்னால் ஒரு ஜோடிச் செருப்பு

9.6.2008, திங்கள்

என் வண்டியை என் மகன் விற்றுவிட்டான். என்னைக் கேட்கவில்லை. யார் என்ன சமாதானம் சொன்னாலும் நடந்தது இதுதான். முதலில் அதை எழுதிவைக்கிறேன்.

காலையில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போர்டிகோவுக்கு வந்தேன். மொபெட் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அதன்மேல் மரத்தூள் வேறு தூவியிருந்தார்கள். டைல்ஸ் கெட்டுவிடக் கூடாதாம். சண்முகவேல் பேப்பரைக் கீழே இறக்காமலே சொன்னான்:

“வித்தாச்சும்மா. போன மாசம் நாரணாபுரம் விலக்குல விழுந்தீக. லைசென்ஸும் முடிஞ்சு போச்சு. இனிமே ரோட்டுல அலைய வேண்டாம். வீட்டுல இருங்க.”

மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

விழுந்தது உண்மைதான். யாரோ சிந்திவிட்டுப் போன மணல், முழங்காலில் தோல் போனது. அவன் காரைக் கொண்டுபோய்ப் பெட்ரோல் பங்க் தூணில் இடித்தானே, அப்போது நாங்கள் காரை விற்றோமா?

எம். புதுப்பட்டியில் இருக்கும் பட்டாசுக் கம்பெனி அவனுடையது. நாரணாபுரத்தில் அந்தப் பட்டாசுக்கெல்லாம் அட்டைப்பெட்டி ஒட்டுகிற செட் என்னுடையது. அவன் அப்பா போன பிறகு நான் கூரை போட்டு, ஆள் சேர்த்து, ஆர்டர் பிடித்து நடத்துவது. இது சீசன். நான் போகாவிட்டால் செட்டை யார் பார்ப்பது என்று கேட்டேன்.

“லட்சுமிகாந்தம் பாத்துக்கிடுவாருல்ல.”

லட்சுமிகாந்தம் அவன் கம்பெனி மேனேஜர். ஓ. அப்படியா சேதி? போனது வண்டி மட்டும் இல்லை. வண்டிக்குப் பின்னால் செட்டும் போகிறது.

11.6.2008

என்னைக் கூட்டிப்போகக் கம்பெனி வேன் வரும் என்றான். சேலை மாற்றிக் காத்திருந்தேன். வரவில்லை.

13.6.2008, வெள்ளி

டவுன் பஸ்ஸில் போனேன். ஊருக்கு ரோடு பிரிகிற விலக்கில் இறங்கி வெயிலில் நடந்து செட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. என் நாற்காலியில் லட்சுமிகாந்தம் இருந்தார். எழுந்தார் என்று சொல்ல முடியாது. பாதி எழுந்தார்.

“வாங்கம்மா. சும்மா எல்லாரையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தீகளா?”

சும்மாவா? என் செட்டுக்கா?

ஒட்டிக் காய்ந்த பெட்டி ஒன்றை எடுத்து மூலையைக் கட்டைவிரலால் நெம்பினேன். வாய் திறந்துகொண்டது. பசையில் தண்ணீரை ஊற்றி நீட்டியிருக்கிறார்கள். ஆவுடைத்தாய் என் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவள்தான் பசை காய்ச்சுகிறவள். யார் ஊற்றச் சொன்னது என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடமில்லை.

17.6.2008, செவ்வாய்

விருதுநகரில் பேட்டரி வண்டி விற்கிறார்கள். பேப்பரில் கால் பக்கம் படத்தோடு போட்டிருக்கிறது. பெட்ரோல் வேண்டாம். மெதுவாகப் போகிற வண்டி என்பதால் லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்.

லைசென்ஸ் வேண்டாம்! அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மத்தியானமே பஸ் ஏறிப் போய் ஓட்டிப் பார்த்து வாங்கிவிட்டேன். என் சொந்தப் பணம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கடைக்காரப் பையன் “யாருக்குப் பாட்டி, பேத்திக்கா?” என்றான். “உன் பாட்டிக்குன்னு வச்சுக்கோ” என்றேன்.

19.6.2008, வியாழன்

வண்டி லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. வெளிர்நீலம். மருமகள் மாரீஸ்வரி சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். சண்முகவேல் இருட்டிய முகத்தோடு வந்தான்.

“என்னம்மா இது?”

“வண்டி. லைசென்ஸ் வேண்டாத வண்டி.”

“பட்டாசுக் கம்பெனிக்காரன் வீட்டுல பேட்டரிக்கு சார்ஜ் போடுறதா? ஏதாவது புகைஞ்சா ஊரு சிரிக்கும்.”

“ஏலே, உன் சட்டைப் பைக்குள்ள மணியடிக்குதே செல்லு, அது எதுல ஓடுது? நெஞ்சு மேல பேட்டரிய வச்சுக்கிட்டுத்தான் கம்பெனிக்குப் போறியா?”

“அதைக் கம்பெனி கேட்டுலயே வாங்கி வச்சுருவாக, தெரியும்ல.”

“நானும் வண்டிய கேட்டுப் பக்கம்தான் நிறுத்துறேன்.”

மாரீஸ்வரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் ஒத்துக்கொண்டான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். சார்ஜ் போடுவதில் ஒரு கோளாறு வந்தாலும் வண்டி கடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு நான் வண்டிப் பேச்சும் எடுக்கக் கூடாது, செட் பேச்சும் எடுக்கக் கூடாது.

சரி என்றேன்.

22.6.2008, ஞாயிறு

எலக்ட்ரீஷியன் வெள்ளைத்துரை வந்தான். வண்டியோடு வந்த புத்தகம் முழுவதும் ஆங்கிலம். என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆங்கில எழுத்தை நான் கற்றது பட்டாசு லேபிளில். அதற்குமேல் சண்முகவேல் காலேஜில் படித்த அகராதி இருக்கிறது. மூன்று நாளாக அதை மடியில் வைத்துக்கொண்டு படித்ததில், எழுதியிருப்பது எல்லாம் பிடிபட்டது.

பிரிட்ஜோடும் மிக்ஸியோடும் சேர்த்துப் போடாதே, மீட்டர் போர்டிலிருந்து தனி வயர் இழு என்றேன். இழுத்தான். கோளாறு வந்தால் தானே அணைகிற எம்.சி.பி. சுவிட்ச் தனியாக, போர்டிகோ தூணில் என் இடுப்பு உயரத்துக்குப் பெரிய பவர் பிளக், மழைச் சாரல் படாமல் மேலே தகர மூடி.

“எர்த்?” என்றேன்.

“மூணாவது ஓட்டையில வயர் குடுத்திருக்கேன்ல பெரியம்மா. கண்ணுக்குத் தெரியுதா இல்லையா?”

பச்சை வயர். தெரிந்தது.

சாப்பிட்டுவிட்டுச் சார்ஜரை மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. காலையில் பச்சையாக இருக்க வேண்டும்.

24.6.2008, செவ்வாய்

பச்சை!

நேற்றே செட்டுக்குப் போயிருப்பேன். தெருவில் இரண்டு சுற்று மட்டும் சுற்றிவந்து பழகிக்கொண்டேன். இன்று நாரணாபுரம் போனேன். இந்த வண்டி சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஆனால் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமையின் அருமை செட்டு வாசலில்தான் தெரிந்தது.

உள்ளே லட்சுமிகாந்தம் பேசிக்கொண்டிருந்தார். நான் வந்து நின்றது அவருக்குக் கேட்கவில்லை.

“…தீபாவளி கழிஞ்சதும் இந்த செட்டு கம்பெனியோட சேந்துரும். அம்மாவுக்கு முடியல, வயசாயிருச்சு. அப்புறம் எல்லாம் நம்ம சொல்லுறபடிதான், கேட்டுக்கோங்க…”

ஹாரனை அழுத்தினேன். அந்த மனிதர் துள்ளியதில் என் நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

“என்ன பெரியம்மா, முனி மாதிரி சத்தமில்லாம வந்து நிக்கீக!” என்றாள் ஆவுடைத்தாய்.

“இனிமே இப்படித்தான் வருவேன்.”

பசைச் சட்டியைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னேன். புதிதாகக் காய்ச்சினாள். கெட்டியாக.

தீபாவளி கழிந்ததும் என்றாரே. அப்படியானால் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். என்னைத் தவிர எல்லாரிடமும்.

27.6.2008, வெள்ளி

சனியன்.

பூஜைக்குப் பூப் பறித்துவிட்டு ஈரக் காலோடு வந்தேன். சார்ஜ் முடிந்துவிட்டதா என்று பார்க்க ஹேண்டில் பாரைத் தொட்டேன். சுர்ரென்று முழங்கை வரை ஏறியது. கையிலிருந்த பூக்கூடை எங்கேயோ போய் விழுந்தது. நான் கத்தியிருக்கக் கூடாது. கத்திவிட்டேன்.

சண்முகவேல் ஓடிவந்தான். என் கையைப் பிடித்துப் பார்த்தான், உட்கார வைத்தான், தண்ணீர் கொடுத்தான். அதெல்லாம் பிள்ளை மாதிரிதான் செய்தான். பிறகு நிமிர்ந்து சொன்னான்: “நான் சொன்னேன்ல.”

கடைக்குப் போன் போட்டேன். வண்டியில் ஒன்றுமில்லை, உங்கள் வீட்டு லைனில் கோளாறு என்கிறார்கள். என் வீட்டு லைன் புதுசு, வண்டிதான் கோளாறு என்கிறான் இவன். திங்கட்கிழமை லோடு ஆட்டோ வருமாம், திருப்பி அனுப்ப.

ஒத்துக்கொண்டது நான்தான். ஆனாலும், யார் மேல் தப்பு என்று தெரியாமல் தண்டனை மட்டும் எனக்கு எப்படி? முடியாது. விடமாட்டேன். என்னதான் நடக்குன்னு பாத்துருதேன்.

28.6.2008, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

காலையில் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மாரீஸ்வரி பால் எடுக்க வந்தாள். பிரிட்ஜ் முன்னால் கிடந்த ரப்பர் செருப்பைக் காலில் மாட்டினாள், கதவைத் திறந்தாள், பாலை எடுத்தாள், மூடினாள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். சாமி படம் இருக்கிற அடுப்படி. வேறு யாரும் அங்கே செருப்போடு கால் வைத்தால் சண்டைக்கு வருகிறவள்.

“ஏம்மா மாரி, எதுக்கு இந்தச் செருப்பு?”

“பிரிட்ஜுக்கு அத்தை.”

“பிரிட்ஜுக்கு எதுக்குச் செருப்பு?”

“வெறுங்காலோட தொட்டா லேசா சுர்ருங்கும்ல. வாஷிங் மெஷினும் அப்படித்தான். அதுக்குத்தான் அங்கன பலகை போட்டிருக்கு.” பிறகு திரும்பி நின்று கேட்டாள்: “நீங்களும் மாட்டிக்கிட்டுத்தான தொறப்பீக?”

ஆமாம். நானும்தான்! தினமும் மாட்டியிருக்கிறேன். ஏன் என்று ஒரு நாள் கேட்டதில்லை. பேத்தி பிரீத்திகாகூடச் செருப்பைக் காலால் துழாவிவிட்டுத்தான் தண்ணீர் பாட்டில் எடுக்கிறாள்.

எப்போதிருந்து? போர்டிகோவுக்கு டைல்ஸ் போட்ட பிறகுதான். எர்த் வயர் மண்ணில் இறங்குகிற எர்த் குழி எங்கே இருந்தது? கேட்டுக்குப் பக்கத்தில், இப்போது கார் நிற்கிற இடத்தில்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் பித்தளைத் தகடு. உடம்பில் இருக்கிற கரண்டு மண்ணுக்குப் போகட்டும் என்று அதில் கை வைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போவார்கள். இந்த ஊர் மண் காய்ந்த மண் என்பதால் ஒவ்வொரு எர்த் குழிக்கும் வாட்ச்மேன் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் சண்முகவேல் அவன் சீட்டைக் கிழித்துவிடுவான். அதே சண்முகவேல் வீட்டுக்கு வந்து எர்த் குழியின் மேல் டைல்ஸ் போட்டுக் காரை நிறுத்தியிருக்கிறான். நாங்கள் எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டு பிரிட்ஜைத் திறந்துகொண்டிருக்கிறோம்.

29.6.2008, ஞாயிறு

வெள்ளைத்துரையை வரச் சொல்லியிருந்தேன். ஹோல்டரில் குண்டு பல்பு, இரண்டு வயர். அதுதான் அவன் டெஸ்ட் லேம்ப். முதலில் பிரிட்ஜையும் மற்றதையும் பிளக்கிலிருந்து கழற்றச் சொன்னான். பிறகு என் பவர் பிளக்கின் இரண்டு கீழ் ஓட்டையில் வயரைக் கொடுத்தான். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஒரு வயரை எடுத்து மேலே, மூன்றாவது ஓட்டையில் கொடுத்தான்.

எரியவில்லை. மினுக்கம்கூட இல்லை.

“வயர் இருக்கு. வயருக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லையே” என்று அவனே திகைத்தான். பிறகு பிரிட்ஜைத் தனியாகச் சோதித்தான். அதில்தான் கசிவு. அந்தக் கசிவு மண்ணுக்குப் போக வழியில்லாமல் பச்சை வயர் வழியாக வீடு முழுவதும் சுற்றி, என் வண்டி ஹேண்டில் பாருக்கு வந்து நின்றிருக்கிறது. குற்றவாளி பிரிட்ஜ். பழி என் வண்டிக்கு!

சண்முகவேலைக் கூப்பிட்டு அவன் முன்னாலேயே இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது. நான் நினைத்தேன், முடிந்தது என்று.

“சரிம்மா. ஆனா இப்ப டைல்ஸ உடைக்க முடியாது. சீசன் நேரம், வீட்டுக்கு ஏஜெண்டுக வந்து போறாக. தீபாவளி கழியட்டும். குழி தோண்டிருவோம். அது வரைக்கும் சார்ஜ் போடாதீக.”

தீபாவளி கழியட்டும். லட்சுமிகாந்தம் சொன்ன அதே வார்த்தை.

“ஆட்டோவ நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிரு” என்று மட்டும் சொன்னேன்.

30.6.2008, திங்கள்

உடைத்துவிட்டேன்.

அவன் காரை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனதும் மெயினை அணைத்தேன். கடப்பாரையை எடுத்தேன். முதல் குத்தில் டைல்ஸில் ஒரு கீறல் விழுந்தது, என் தோள்பட்டை கழன்றுவிட்டது போல இருந்தது. இரண்டாவது குத்துக்குக் கடப்பாரை எழும்பவில்லை. மாரீஸ்வரி வாசலில் வந்து நின்றாள்.

“அத்தை! என்ன காரியம் செய்யுதீக! அவுக வந்தா…”

“வரட்டும்.”

என்னைப் பார்த்தாள், டைல்ஸைப் பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள்.

“தள்ளுங்க. இம்புட்டு வருசமா நானில்ல சுர்ரு சுர்ருன்னு வாங்கிட்டு இருக்கேன்.”

என்ன அடி! எனக்கே பயமாகிவிட்டது. போக வழியில்லாமல் கிடந்த கோபம் எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டது போல. நாலு டைல்ஸ் தூளானது. அதற்குக் கீழே சிமெண்டு, அதற்குக் கீழே குழி. குழி நிறைய உடைந்த செங்கல்லும் சிமெண்டுச் சாக்கும். மண்ணைக் கையில் எடுத்தால் விபூதி மாதிரி கொட்டுகிறது. எர்த் பைப்பில் இருந்த வயரை, டைல்ஸ் போட்ட கொத்தனார் வெட்டிச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார். தொந்தரவாக இருந்திருக்கும்.

சாயங்காலம் சண்முகவேல் காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். பள்ளத்தைப் பார்த்தான்.

“யாரு ஒடைச்சது?”

“நான்” என்றேன்.

“நாந்தான்” என்றாள் மாரீஸ்வரி.

கத்தினான். எங்கேயிருந்து வந்த டைல்ஸ், யார் பார்த்துப் பார்த்து எடுத்தது, ஊரில் என்ன நினைப்பார்கள்… முழுவதையும் கேட்டுக்கொண்டேன். மூச்சு வாங்க நிறுத்தினான். அப்போது வெட்டின வயரை அவன் கையில் கொடுத்தேன்.

“உன் கம்பெனியில ஒரு குழி இப்படி இருந்து, இன்ஸ்பெக்டர் வந்து தோண்டிப் பாத்தா என்ன சொல்லுவாரு?”

குனிந்து பள்ளத்துக்குள் பார்த்தான்.

“பிரீத்திகா நாளைக்குச் செருப்ப மறந்துட்டு ஈரக்கையோட தொறந்தா?”

வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளே போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் செங்கல்லைப் பொறுக்கி வெளியே போட்டோம்.

1.7.2008

காலையில் கேட்டுக்கு வெளியே, எர்த் குழியில் போடுகிற உப்பும் கரித்தூளும் மூட்டையாக வந்து இறங்கின. கம்பெனி லோடு. நான் சொல்லவில்லை.

3.7.2008, வியாழன்

வெள்ளைத்துரை புதுப் பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே திறந்து மூடுகிற மாதிரி இரும்பு மூடி வைத்தான். நானும் மாரீஸ்வரியும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். குழி குடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது ஓட்டையில் பல்பு பளிச்சென்று எரிந்தது.

வண்டியை மாட்டினேன். சிவப்பு விளக்கு. எல்லாரையும் கூப்பிட்டு, செருப்பைக் கழற்றி, தரையில் தண்ணீரைக் கொட்டி, அதில் வெறுங்காலோடு நின்று இரண்டு கையாலும் ஹேண்டில் பாரைப் பிடித்தேன். “வேண்டாம்மா!” என்று சண்முகவேல் பாய்ந்து வந்து அவனும் பிடித்துவிட்டான்.

ஒன்றுமில்லை. இரும்பு இரும்பாக இருந்தது.

“எடுடா கைய. என் வண்டி.”

4.7.2008

நாரணாபுரம் போனேன். வந்தேன். இதைவிட என்ன எழுத?

10.7.2008, வியாழன்

கரண்ட் கட் இப்போது சாயங்காலத்துக்கும் வந்துவிட்டது. பரவாயில்லை. அது முடிந்ததும் மாட்டினால் விடிவதற்குள் பச்சை. தினமும் போகிறேன்.

இன்று மத்தியானம் சண்முகவேல் செட்டுக்கே வந்தான். சாத்தூர் லாரி செட்டில் லோடு ஏற்றும்போது அவன் கம்பெனிப் பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு சரக்கெல்லாம் தரையில் சிந்திவிட்டதாம். ஏஜெண்டு முன்னாலேயே. லட்சுமிகாந்தம் அவன் பின்னால் நின்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்ப ஒட்டினதும்மா அந்தப் பெட்டி?”

“நான் வீட்டுல இருந்தேன்ல, அப்ப ஒட்டினது.”

ஆவுடைத்தாய் இருமினாள். சிரிப்பை அடக்கினால் அவளுக்கு இருமல் வரும்.

இன்றைக்கு ஒட்டிய பெட்டி ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் நெம்பினான். நகம்தான் வலித்திருக்கும்.

13.7.2008, ஞாயிறு

காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சண்முகவேல் பனியனோடு போர்டிகோவில் குனிந்து, இரும்பு மூடியைத் திறந்து, எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். முடித்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தான். நான் திரையை விட்டுவிட்டேன்.

காபி குடிக்கும்போது சொன்னான்: “செட்ட நீங்களே பாருங்கம்மா. தீபாவளி கழிஞ்சும்.”

அதை அவன் கொடுத்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது என்னிடமே இருந்தது. ஆனால் சொன்னது நல்லது.

இனி ஆக வேண்டியவை:

குழிக்குத் தண்ணீர் – சண்முகவேல். தினமும். ஊருக்குப் போனால் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும், கம்பெனியில் செய்வது போல.

பிரிட்ஜ் கசிவு – வெள்ளைத்துரை. எர்த் வந்துவிட்டது என்பதற்காக அதை அப்படியே விடக் கூடாது.

உடைந்த இடத்துக்கு டைல்ஸ் – யாரும் போட வேண்டாம். அந்த இடம் அப்படியே தெரியட்டும்.

பிரிட்ஜ் முன்னால் கிடக்கும் செருப்பு – பிரீத்திகா. எடுத்து வாசலில் போட வேண்டும்.

வண்டி ஓட்டுவது – மாரீஸ்வரி. அவளாகவே கேட்டாள். புதன்கிழமைகளில் செட்டுக்கு அவள் போவாள், அன்றைக்கு நான் வீட்டில் இருப்பேன். என் இஷ்டத்தில் இருப்பேன்.

பசை – ஆவுடைத்தாய். தண்ணீர் ஊற்று என்று யார் சொன்னாலும் ஊற்றக் கூடாது, நான் சொன்னால்கூட.

லட்சுமிகாந்தத்திடம் இருக்கிற செட் சாவி – சண்முகவேல். போய் வாங்கிக்கொண்டு வர வேண்டும். காரில் இல்லை, வேனிலும் இல்லை. நாளைக் காலை, என் வண்டியில், எனக்குப் பின்னால் உட்கார்ந்து. மெதுவாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ள வேண்டியவனும் அவன்தான்.